முன்னால் நடந்த இருவர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் போன ஜூலை, இரண்டாவது சனிக்கிழமை, மதியம் 2.10-க்கு ஆரம்பித்துப் பத்தே நிமிஷத்தில் முடிந்த இந்தச் சம்பவம் நிஜம். மெல்போர்னின் ரோவில் பகுதியில் இருக்கும் கிரிஜாவுக்கு நடந்தது.

ஜூலை அங்கே குளிர்காலம். மெல்போர்னிலிருந்து இரண்டரை மணி நேரத் தூரத்தில் ஒரு பனிமலை. புதிதாய் வருகிறவர்களுக்கான சுலபமான நடை. மூன்று கிலோமீட்டர், வழி நெடுக ஆரஞ்சுக் கம்பங்கள். கால் புதையாமலிருக்க பூட்ஸுக்கு அடியில் அகலமான ஸ்னோஷூவை மாட்டிக்கொள்ள வேண்டும். கிரிஜா, அவள் கணவன் கௌரிசங்கர், அவனோடு ஆபீஸில் வேலை செய்யும் தாரிணி, வழிகாட்ட ஒரு பெண் கைடு. நாலே பேர்.

தாரிணியை அழைத்தது கௌரிசங்கர்தான். காரில் ஏறியதிலிருந்து இருவருக்கும் ஓயாத ஆபீஸ் பேச்சு. மலையில் தாரிணியின் ஸ்னோஷூ வாரை அவனே குனிந்து இறுக்கிவிட்டான். கிரிஜா தன்னுடையதைத் தானே மாட்டிக்கொண்டாள்.

2.10. மூடுபனி இறங்கியது. கிரிஜாவின் வார் கழன்றது. கூப்பிட மனம் வரவில்லை. குனிந்து மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

எங்கும் வெள்ளை. பிறகு... இருபதடி முன்னால் இரண்டு முதுகுகள். அவனுடைய நீல ஜாக்கெட். தாரிணியின் சிவப்புக் குல்லா. கை கோர்த்திருந்தார்கள்.



"ஏங்க..."

திரும்பவில்லை. வேகமாய் நடந்தாள். எவ்வளவு நடந்தும் அதே இருபதடி.

சரக்... சரக்... பனி நொறுங்கும் சத்தம். அவள் நின்றாள். சத்தமும் நின்றது. அவர்கள் நிற்கவில்லை.

முன்னால் தடமே இல்லை.

கம்பங்களும் இல்லை.

அந்தப் பெண் திரும்பினாள். தாரிணியின் முகம். சிரித்தாள். வா என்று விரலசைத்தாள்.

பயம் வந்திருக்க வேண்டும். கிரிஜாவுக்குக் கோபம்தான் வந்தது. காலைத் தூக்கினாள்.

"கிரிஜா, நில்லு."

கௌரிசங்கரின் குரல். பின்னாலிருந்து.

மூச்சிரைக்க வந்து அவள் தோளைப் பிடித்தான்.

"தாரிணி எங்க?"

"கைடு கூட நிக்கிறா. உன்னைத் தேடித்தான் வந்தேன். நீ எங்க போற?"

மூடுபனி லேசாய் விலகியது. ஓரடி தள்ளிச் செங்குத்துச் சரிவு. கீழே மரங்களின் உச்சி.

மணி 2.20.

கிரிஜா யாரிடமும் இதைச் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்துத் தாரிணி போன் செய்தாள். வேலையை விட்டுவிட்டாளாம்.

"ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அவர் உங்களைத் தேடிப் போனாரே, அப்ப நீங்க ரெண்டு பேரும் என் முன்னாடியே கை கோத்துட்டு நடந்து போனீங்க. எனக்குத் தாங்கல. ஏன்னு கேக்காதீங்க. பின்னாடியே போனேன். கைடு என் பையைப் பிடிச்சு இழுத்துட்டா. இன்னும் ஓரடி வெச்சிருந்தா விழுந்திருப்பேன்."

"நாங்க அந்தப் பக்கம் வரவே இல்லை."

"தெரியும். அங்க யாரும் இல்லைன்னுதான் கைடும் சொன்னா."

தாரிணி குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா அந்தப் பொண்ணு திரும்பி, விரலசைச்சு என்னைக் கூப்பிட்டா, கிரிஜா. உங்க முகம்."