பெரிய வியாழனும் என் வலது காலும்

என் கால் விரல்களை நான் முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்தது ஐம்பதை நெருங்கும் வயதில்தான். அதுவும் நானாக விரும்பிப் பார்க்கவில்லை. எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று கண்டுபிடித்து கிளினிக் கொப்பி போட்டுத் தந்த அன்று, அங்கிருந்த தாதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஒவ்வொரு நாளும் படுக்க முன்னம் காலைப் பாருங்கோ. விரலுக்கு இடையிலையும் பாருங்கோ. புண் வந்தால் உங்களுக்கு நோவு தெரியாது, கண்ணுக்குத்தான் தெரியும். வெறுங்காலோடை எங்கையும் நிக்க வேண்டாம்."

அன்றிலிருந்து கட்டிலில் இருந்து காலை மடித்து வெளிச்சத்தில் பார்க்கத் தொடங்கினேன். வெடித்த குதிகால். வளைந்த நகங்கள். சுண்டு விரல் பக்கத்து விரலுக்கடியில் ஒளிந்து கிடந்தது. இத்தனை வருடம் என்னைச் சுமந்து திரிந்த கால்களுக்கு நான் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் பூசியதில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒருநாள் மன்னார் பஸ் நிலையத்துக்கு அருகே பேன்சிக் கடை ஒன்றுக்கு ஊசி வாங்கப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸ் போத்தல்கள் வரிசையாக நின்றன. மயில் பச்சையில் ஒன்றைக் காட்டி அதை எடுங்கோ என்றேன். "மகளுக்கோ?" என்று கடைக்காரர் கேட்டார். "மருமகளுக்கு" என்றேன். எனக்கு மருமகள் இருக்கிறாள்தான், அண்ணனின் மகள், கனடாவில்.

அந்தப் பச்சை பெருவிரலில் ஏறியதும் எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்ல. சிரித்துவிட்டேன், தனியாக இருந்து, வாய்விட்டு. அடுத்த மாதம் கத்தரிக்காய் நிறம் வாங்கினேன். பிறகு மாம்பழ மஞ்சள். பிறகு மினுக்கம் தூவிய ஒரு ரோசா நிறம். கடைசியில் ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு நிறம் என்றாகிவிட்டது. கேக், தொதல், தேத்தண்ணிக்குச் சீனி எல்லாவற்றையும் டொக்டர் நிறுத்திவிட்டார். நாக்குக்குக் கொடுக்க முடியாததைக் காலுக்குக் கொடுத்தேன்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் யார் என்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். கலியாணம் கட்டாதவள். கந்தோரில் கணக்குப் பகுதியில் வேலை. சாம்பல், சந்தனம், வெள்ளை தவிர வேறு நிறத்தில் சேலை கட்டியதில்லை. கோயிலில் செபமாலைக் குழுவை நடத்துகிறவள். பாட்டுக்குழுப் பிள்ளைகளின் சட்டை கொஞ்சம் பளபளத்தாலே முகத்தைச் சுளிப்பேன், அது அவர்களுக்கும் தெரியும். மடத்துக்குப் போகாத சிஸ்டர் என்று ஊரில் எனக்குப் பட்டப்பெயர். கேட்டால் கோபம் வருகிற மாதிரி நடிப்பேன். உண்மையில் அந்தப் பெயரில் எனக்குப் பெருமை. அதை இழக்க எனக்கு மனமில்லை. விரல்களின் நிறத்தை இழக்கவும் மனமில்லை.

அதனால் மேசு போட்டேன், கணுக்கால் வரை மூடுகிற காலுறை. கந்தோருக்குச் சப்பாத்தோடு போகிறவளுக்கு மேசு பெரிய விசயமில்லை. கோயிலில்தான் சிக்கல். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு மேசோடு உள்ளே போவேன். வேர்த்து ஊற்றுகிற எங்கள் தீவில் கோயிலுக்குள் மேசோடு நின்றவள் நான் ஒருத்திதான். முதலில் கேட்டவரிடம், "சீனி வருத்தம், வெறுங்காலோடை நிக்க வேண்டாமெண்டு கிளினிக்கிலை சொன்னவை" என்றேன். அது உண்மை. பொய் சொல்லத் தேவையில்லாமலே ஒரு பொய்யைக் காப்பாற்ற முடிந்ததில் அன்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு இரக்கம் வரத் தொடங்கியது. எனக்கென்று ஒரு கதிரை எடுத்துப் போட்டார்கள். நற்கருணை வாங்கும் வரிசையில் விலகி வழி விட்டார்கள். ஒருநாள் பஸ்ஸில் எனக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்கள் என் கதையைக் கதைத்தார்கள். "பாவம், ஒரு விரல் எடுத்தாச்சாம். அதுதான் மேசு." திரும்பி, அப்படி ஒன்றுமில்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். மீன் வெட்டிக் காயவைத்து விற்கிறவர். அவருடைய கணவருக்கும் சீனி வருத்தம்தான். ஒரு காலை எடுத்தார்கள், பிறகு கனகாலம் அவர் இருக்கவில்லை. இந்த அக்கா என்னைக் கண்டால் முதலில் என் காலைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. "கால் எப்பிடி, தங்கச்சி?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "காலுக்கு என்ன, நல்லாத்தான் கிடக்கு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நடப்பேன். அடுத்தவள் வீட்டுச் சங்கதி அறிகிற ஆசை என்று நினைத்தேன்.

இந்த வருடம் தபசு காலம், உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு, வந்தது. எங்களில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை ஒறுப்பார்கள். இறைச்சி, சாராயம், நாடகத் தொடர் என்று ஆளுக்கொன்று. என்னிடம் விடுவதற்கு வேறு என்ன இருந்தது? சீனியை டொக்டர் ஏற்கெனவே பிடுங்கிவிட்டார். கியூட்டெக்ஸை விட்டேன். தபசு தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முதல்நாள் எல்லா விரலையும் துடைத்து, போத்தல்களைக் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மற்றவர்கள் தங்கள் ஒறுத்தலைப் பற்றிக் கதைக்கும்போது நான் வாயே திறக்கவில்லை. ஆண்டவருக்கு நான் கொடுக்கிற பெரிய காணிக்கை இதுதான் என்று எந்த முகத்தோடு சொல்வது?

அதையும் முடிக்கவில்லை. பரிசுத்த வாரத்துப் புதன்கிழமை மாலை, உயிர்ப்புக்கு இன்னும் சில நாட்களே இருக்க, கதிரையில் ஏறிப் பொட்டலத்தை இறக்கினேன். கவலையும் இல்லை, களைப்பும் இல்லை. பூசவேண்டும் போல இருந்தது, பூசினேன். பூசி முடித்ததும் ஒரு குழந்தையைப் போல அழுதேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அழவில்லை. காலை நீட்டி வைத்து, காய்கிற வரைக்கும் ஊதிக்கொண்டிருந்தேன். வெட்கம் அடுத்தநாள்தான் வந்தது.

பெரிய வியாழன் பூசையில் பன்னிரண்டு பேரின் பாதங்களைச் சுவாமியார் கழுவுவார். முன்பு ஆண்கள் மட்டும்தான், இப்போது பெண்களையும் சேர்க்கிறார்கள். தெரிவு செய்யப்பட்டவர்கள் அன்று வீட்டில் கால் தேய்க்கிற தேய்ப்பைப் பார்க்க வேண்டும். தேங்காய்த் தும்பால் தேய்த்து, கல்லால் தேய்த்து, நகம் வெட்டி, பவுடரும் போட்டுக்கொண்டு வருவார்கள். நன்றாகக் கழுவிய கால்களைத்தான் சுவாமியார் கழுவுவார். எனக்கு அந்தக் கவலை இருக்கவில்லை, என் பெயர் அதில் இல்லை.

பூசை தொடங்கச் சற்று முன் கோயில் மூப்பர் என் கதிரையண்டை வந்து குனிந்தார்.

"ஒரு அம்மாவுக்குத் திடீரெண்டு தலைச்சுத்து. ஒராள் குறையுது. சுவாமி உங்களைக் கூப்பிடச் சொன்னவர்."

"எனக்குச் சீனி வருத்தமெல்லோ" என்றேன்.

"ஓம், தெரியும். வருத்தக்காரர் ஒராளும் இருக்கிறது நல்லமெண்டுதான் சுவாமி சொன்னவர். எழும்புங்கோ."

நான் எழுந்தேன். பக்கத்திலிருந்தவர்கள் என் முழங்கையைப் பிடித்து இரக்கத்தோடு வழியனுப்பினார்கள். பீடத்தின் முன் போட்டிருந்த கதிரைகளில் கடைசிக் கதிரை எனக்கு. ஒவ்வொருவராக வலது காலை நீட்டினார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. தலைச்சுற்று எனக்கும் வரக்கூடாதா என்று கேட்டேன். ஆண்டவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சுவாமியார் என் முன் முழந்தாளிட்டார். என் வயதில் பாதி இருக்கும். நான் மேசுக் காலை நீட்டியபடி இருந்தேன். ஜக்கைப் பிடித்திருந்த சிஸ்டர் மெதுவாக, "மேசைக் கழட்டுங்கோ, அம்மா" என்றார். பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் கோயில் அமைதியாகிவிட்டது போல எனக்கிருந்தது. முன்வரிசைகளில் கழுத்துகள் நீண்டன. எல்லோரும் எதைப் பார்க்க எட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இல்லாத விரலைப் பார்க்க.

கழற்றினேன்.

பச்சை, கத்தரி, மஞ்சள், ரோசா, சுண்டு விரலில் வெள்ளி மினுக்கம். பெரிய வியாழன் அன்று, பீடத்துக்கு முன்னால், பிரகாசமான விளக்குகளுக்குக் கீழே. பாட்டுக்குழு ஒரு வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரியில் தொற்றிக்கொண்டது. யாரோ சிரித்ததை இருமலாக மாற்றினார்கள். என் காதுகள் கொதித்தன. எனக்குத் தெரிந்த செபம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

சுவாமியார் ஒரு கணம் பார்த்தார். பிறகு தண்ணீர் ஊற்றினார். துவாயால் ஒவ்வொரு விரலாக, இடைவெளிகளையும் விடாமல் ஒற்றினார். குனிந்து பாதத்தை முத்தமிட்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. மேசைக் கைக்குள் கசக்கிப் பிடித்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். மிச்சப் பூசை முழுவதும் சேலையால் காலை மூடிக்கொண்டிருந்தேன். மடத்துக்குப் போகாத சிஸ்டர் அன்றோடு முடிந்தாள் என்று தெரிந்தது. அடுத்த ஞாயிறு வேறு பங்குக்குப் பூசைக்குப் போகலாமா என்றுகூட யோசித்தேன்.

பூசை முடிந்ததும் ஆராதனைக்கு நிற்காமல் வெளியே ஓடினேன். சப்பாத்துக்குள் காலை நுழைக்கப் போனபோது பின்னால் ஓர் ஆள் வந்து கையைப் பிடித்தார். மீன்கார அக்கா.

"காட்டுங்கோ" என்றார்.

"என்னத்தை?"

அவர் மணலில் குந்தினார். என் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு மற்றக் காலின் மேசையும் அவரே இழுத்துக் கழற்றி, அதையும் எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு அழத் தொடங்கினார்.

"எல்லாம் கிடக்கு" என்றார். "ஒண்டும் போகேல்லை."

அங்கேயே நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். "அக்கா, எனக்கு ஒருநாளும் புண் வரேல்லை" என்றேன். "இந்தக் கலரை மறைக்கத்தான் மேசு போட்டனான். வேறை ஒண்டுமில்லை."

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"அவரும் மேசு போட்டுத்தான் மறைச்சவர், தங்கச்சி. கால் எப்பிடியெண்டு கேட்டால் எரிஞ்சு விழுவார், உங்களைப் போலைதான். வெக்கம் அவருக்கு. மணம் வந்த பிறகுதான் நான் கழட்டிப் பாத்தனான். அதுக்குள்ளை எல்லாம் முடிஞ்சுது." கழற்றிய மேசை என் கையில் வைத்துவிட்டு, "உங்களை மேசோடை கண்ட நாள் தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை" என்றார். "தபசு தொடங்கினதிலை இருந்து நான் மீன் வாயிலை வைக்கேல்லை. உங்கட காலுக்கெண்டு மாதாவிட்டைச் சொல்லி விட்டனான்."

விடியத் தொடங்கிப் பொழுது சாய்கிற வரைக்கும் மீனோடு கிடக்கிறவர். மீனில்லாமல் சோறு இறங்காத ஊர். அவர் எனக்காக அதை விட்டிருந்தார், அதுவும் நான் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அதே நாட்களில். நான் எனக்காக நகப்பூச்சைக்கூட விட முடியாமல் கதிரையில் ஏறியவள். பீடத்துக்கு முன்னால் வந்த வெட்கம் எனக்கு ஒரு வெட்கமாகவே இப்போது தெரியவில்லை.

அவர் மறுபடியும் என் விரல்களைப் பார்த்தார். "வடிவாத்தானே கிடக்கு. இதையோ மறைச்சனீங்கள்?" என்றார். முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். "இனி மறைக்காதேங்கோ. பாக்கிற ஆளுக்குப் பயமாக் கிடக்கு."

உயிர்ப்பு ஞாயிறன்று விரல் தெரிகிற மெத்துச் செருப்போடு கோயிலுக்குப் போனேன். உள்ளேயும் அதோடுதான் நின்றேன், சுவாமியாரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தேன். பாட்டுக்குழுப் பிள்ளை ஒருத்தி வந்து, "ஆன்ரி, நீங்களே பூசினனீங்கள்?" என்று கேட்டாள். "ஓம், நான்தான்" என்றேன். சொல்லும்போது முகம் சுட்டது, ஆனால் சொன்னேன்.

மத்தியானம் அந்த அக்கா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பாரை மீன் குழம்பு. அவர் முதலில் போட்டுக்கொள்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டிக்குள் தேடி, நல்ல நடுத்துண்டாக ஒன்றை எடுத்து என் சோற்றுக் கோப்பையில் வைத்தார்.

"நீங்கள் முதல் சாப்பிடுங்கோ" என்றார். "உங்கட காலுக்கெண்டு விட்ட மீன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.