ஓரக்கண் கழுதை

நான் படம் வரைந்த முதல் புத்தகம் கைக்கு வந்த அன்று கதையை வாசிக்கவில்லை. கண்களைத்தான் பார்த்தேன். கழுதை, நண்டு, நாரை, மூட்டை தூக்குகிற குரங்கு எல்லாம் நேரே பார்த்துக்கொண்டிருந்தன. நான் அப்படி வரையவே இல்லை.

என் மிருகங்கள் ஓரக்கண்ணால் பார்க்கும். உடம்பு அசையாது, கருவிழி மட்டும் மூலைக்குப் போயிருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், வரைய யாரும் சொல்லித்தரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால், தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு நடந்த சமயம், கடற்கரைக் கொட்டகையில் சிப்பி அலசப் போனேன். அந்தக் கண் அங்கே கிடைத்தது.

அழுகின சிப்பியைத் தொட்டியில் அலசினால் முத்து அடியில் தங்கும். அதை நாங்கள் வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று தொட்டிக்கொரு காவலாளி நிற்பார். கையைத் தண்ணீரை விட்டுத் தூக்கக் கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் தூக்கக் கூடாது. அதனால் எல்லாருக்கும் உயிர் கண்ணுக்குப் போய்விடும். அலசுகிறவள் பக்கத்துக்காரியைப் பார்ப்பாள். காவலாளி அவளைப் பார்ப்பார். சிப்பியை ஏலம் எடுத்த முதலாளி காவலாளியைப் பார்ப்பார். ஒருவர் தலையும் திரும்பாது. நான் வாய் பேசாத பிள்ளை, அத்தனை கண்ணையும் பார்த்துக்கொண்டே அலசினேன்.

கல்யாணமான பிறகு, கணவருடைய கடையில் கடலை மடிக்கிற தாளில் எதையாவது கிறுக்குவேன். அப்படி ஒரு பொட்டலத்தில் கழுதையைப் பார்த்துவிட்டு அச்சாபீஸ் அண்ணாச்சி கடைக்குத் திரும்பி வந்தார்.

"இது யாருவே போட்டது? முழியைப் பாரும், அசல் களவாணி முழி!" என்று என் கணவரிடம் சொல்லிச் சிரித்தார். பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் போடப் போகிறாராம், படம் நான் வரைய வேண்டுமாம். நான் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வெளியே வரவில்லை.

அந்த முழிக்காகத்தான் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். அது புத்தகத்தில் இல்லை. என் படங்களையும் திருப்பி அனுப்பியிருந்தார். "நேரப் பாக்கிற கண்ணை யாரும் போடலாம்னுட்டாரு. அடுத்த புத்தகத்துக்கு யோசிக்கணுமாம்" என்று கணவர் சொன்னார்.

முதலில், படத்தைப் பார்த்து அச்சுக்குப் பிளாக் செய்கிறவர்கள் மேல் சந்தேகம் வந்தது. திரும்பி வந்த படத்தை ஜன்னலில் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். கழுதையின் கண் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பூச்சு, நடுவில் என் மையாலேயே ஒரு புள்ளி. நகத்தால் சுரண்டினேன், பொடியாக வந்தது. நாக்கில் வைத்தேன். சுள்ளென்றது. வெற்றிலைக்குத் தடவுகிற சிப்பிச் சுண்ணாம்பு!

அப்படியானால் ஆள் வீட்டுக்குள்தான். வெற்றிலை போடுகிறவர்கள் இரண்டு பேர். மாமியாருக்கு நான் படம் போடுவதே பிடிக்காது. அவர் முன்னால் புத்தகத்தை விரித்து, "அத்தை, இந்தக் கழுதைக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்றேன்.

"கழுதையா? நான் தவிலுன்னுல்லா நெனச்சேன்" என்றார். அவருக்குக் கண்ணே தெரியவில்லை, அவர் எங்கே போய்க் கண்ணைத் திருத்த?

மிச்சம் இருந்தவர் எனக்குத் தாளும் மையும் வாங்கிக் கொடுத்தவர். படங்களை அச்சாபீசுக்குக் கொண்டுபோனவரும் அவரே. நம்ப மனசில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை.

புதிதாக ஒரு கழுதை வரைந்து, ஓரக்கண் வைத்து, அரிசிப் பானை மூடிமேல் போட்டேன். சுளகை மடியில் வைத்து, தலையைக் குனிந்து கல் பொறுக்கினேன். கணவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெற்றிலையை எடுத்தார். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தார். கழுதையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், தலை திரும்பாமல். தீக்குச்சி நுனியால் சுண்ணாம்பைத் தொட்டார்.

"கையைக் கீழ வைங்க" என்றேன்.

தீக்குச்சி விழுந்துவிட்டது. அது அவருடைய சொல். கொட்டகையில் என் தொட்டிக்குக் காவல் நின்றவர் அவர்தான். நாள் முழுக்க அதைத்தான் சொல்லுவார். பிறகுதான் பெண் கேட்டு வந்தார்கள்.

"ஏளா, என் முழியைக் கொண்டுபோயி கழுதைக்கு வச்சிருக்கியே, அடுக்குமா? அண்ணாச்சி என் மூஞ்சியைப் பாத்தே களவாணி முழிங்காரு. நான் களவாணியைப் பிடிக்க நின்னவம்ளா!"

"என்னையும்தான் அப்படிப் பாத்திய."

அவர் குனிந்து தீக்குச்சியை எடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெசத்தைச் சொல்லு. ஒருநா உன் உதடு குவிஞ்சுது. வாயில என்ன போட்ட?" என்றார்.

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டுக் கேட்கிறார்!

"ஈயை ஊதுனேன்" என்றேன்.

"ஈயை..." என்று இழுத்தார். நம்பவில்லை என்று அந்தக் கண்ணே சொன்னது. பானை மூடியில் இருந்த கழுதையும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் எல்லாப் படத்திலும் சுண்ணாம்பைப் பிளேடால் சுரண்டி, நடுப் புள்ளியையும் எடுத்து, விழியை மூலைக்குக் கொண்டுபோனேன். படங்களை அவரிடம் கொடுக்கவில்லை. முந்தானையில் மூடிக்கொண்டு நானே அச்சாபீசுக்குப் போனேன். அதுவரை அண்ணாச்சிக்கு நேரே நின்று பேசியதில்லை. "நான் போட்டது இதான்" என்று மட்டும் வாயில் வந்தது.

அண்ணாச்சி கழுதையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வாசல் பக்கம் பார்த்தார். மறுபடியும் கழுதையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கதையை எடுத்து நீட்டினார்.

"இதுல ஒரு ஓணான் வருது. கண்ணைப் பாத்துப் போடுங்க" என்றார்.

வாசலில் வந்து நிற்பது யாரென்று எனக்குத் தெரியும். தலையைத் திருப்பாமல் கதையை வாங்கிக்கொண்டேன்.