தவம் அண்ணை திருப்பிக் கொண்டுவந்த மஞ்சள் பைகள்

தவம் அண்ணை இன்று விடியப் போய்விட்டார். இன்னும் நம்ப முடியவில்லை...

நேற்றுப் பின்னேரம்தான் எங்கள் ஆஸ்பத்திரி வாசலால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர். காலையில் கிணற்றடிக்குக் குளிக்கப் போனவர் விழுந்துவிட்டாராம். பிறகு எழும்பவே இல்லை என்று மகள் போனில் அழுதாள்.

ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கும் இன்சினரேற்றர் அவர் பொறுப்பில்தான் இருந்தது. பின் மதிலுக்கு அந்தப் பக்கம் முழுக்க வீடுகள். அவருக்கு எப்போதும் அந்த வீடுகளின் நினைப்புத்தான்.

நான் ஏழாம் வார்ட் நர்ஸ். எரிக்க அனுப்பும் எங்கள் மஞ்சள் குப்பைப் பையை எத்தனை தரம் திருப்பிக் கொண்டுவந்திருப்பார்...

"மிஸ்ஸி, உதுக்குள்ளை சேலைன் ரியூப் கிடக்குது. அது பி.வி.சி. பிளாஸ்ரிக், எரிச்சால் டயொக்சின் வரும், நஞ்சு, கண்ணுக்கும் தெரியாது. மதிலுக்கு அங்காலை பிள்ளையள் விளையாடுதுகள்."

இன்சினரேற்றரில் புகையை எரிக்கும் இரண்டாவது அறை நன்றாகச் சூடேறி மீற்றர் முள் கோட்டைத் தாண்டும்வரை ஒரு பையும் உள்ளே போகாது. பைகள் குவிந்துபோய் மேலதிகாரி வந்து கத்தினாலும் அதேதான்.

"குறைஞ்ச சூட்டிலைதான் சேர் அந்த நஞ்சு கூட வாறது." சொல்லிவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார். தேத்தண்ணீர் ஆறிப் போய்விடும்.

போன வெள்ளிக்கிழமை அவரோடு சண்டை பிடித்தேன். வார்ட் நிறைய டெங்குக்காரர், எனக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த நேரம் பார்த்துப் பையோடு வந்து நின்றார்.

"அண்ணை, உங்களுக்கு வேறை வேலை இல்லையோ? எல்லாத்தையும் போட்டு எரியுங்கோவன்." எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்.

அவர் விறாந்தையில் குந்தியிருந்து, தடித்த கையுறையோடு ஒவ்வொரு ரியூப்பாக எடுத்துப் புறம்பாக வைத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று நினைத்தே நாட்கள் போய்விட்டன. வெட்கமாக இருக்கிறது.

இன்று எங்கள் வட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள்: "கண்ணீர் அஞ்சலி பனர் ஒண்டு அடிப்பம், எல்லாருக்கும் ஓமோ?"

நானும் "ஓம்" என்று போட்டேன்.

உரும்பிராயில் செத்தவீட்டுக்குப் போய், ஒழுங்கை முகப்பில் அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் திக்கென்றது. ஆள் உயரத்துக்குத் தவம் அண்ணையின் சிரித்த முகம். ஃப்ளெக்ஸ்... அதுவும் பி.வி.சிதான்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிய யாராவது அதைக் கழற்றி, கூட்டிய கஞ்சலோடு போட்டுக் கொளுத்திவிடுவார்கள். எங்கள் ஊரில் அதுதானே வழக்கம். அவருடைய படமே அந்த நஞ்சுப் புகையாய்ப் போகப்போகிறது, அதற்கு நானும் ஓம் சொல்லியிருக்கிறேன்.

மகளின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். "அந்தப் பனரை நான் வந்து கழட்டிறன் பிள்ளை. ஒருத்தரையும் எரிக்க விடாதையுங்கோ."

அவள் என்னை விளங்காமல் பார்த்தாள்.

அண்ணை... வெள்ளிக்கிழமை சொன்னதுக்கு என்னை மன்னியுங்கோ. போயிட்டு வாங்கோ.