கோயில் படி ஓடி ஏறிய மதலேனாள்

கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் ஐறீன் அன்ரி, ஞானஸ்நானப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைப்பவர். பழைய பத்திரிகைத் தாளில் அளவை வெட்டி, அதைத் துணிமேல் வைத்துத்தான் துணியை வெட்டுவார். அதற்காக வெள்ளவத்தையில் பழைய கடதாசி விற்கும் அலவியிடம் கட்டுக்கட்டாக வாங்குவார். ஆனால் மருந்து விளம்பரம் உள்ள தாளில் மட்டும் கத்தரிக்கோலை வைக்கமாட்டார். மயிர் வளர்க்கும் தைலம், பித்தக் குளிகை, மீசைத் துரையின் படம் போட்ட இரத்தசுத்தி மருந்து என்று நாற்பது வருடப் பழைய தாள்கள் அவருடைய அலுமாரியை நிறைத்திருந்தன.

"வாங்கோ நோனா, நல்ல பழசு வந்தீக்கி," என்பார் அலவி. "ஒரு வருத்தமும் இல்லாத ஆளுக்கு எத்தின மருந்து!"

"வருத்தம் எனக்கில்லை நானா," என்பார் அன்ரி.

அவருடைய தாய் மதலேனாள் இறந்தபோது அன்ரிக்கு ஆறு வயது. தாயின் படம் ஒன்றும் இல்லை. அவர் பேசிய ஒரு சொல்கூட அன்ரியின் நினைவில் இல்லை. மருந்து குடித்துச் சுகமானேன் என்று தாய் சொன்னது ஒருமுறை பத்திரிகையில் வந்ததாக உறவுக்காரி ஒருத்தி சொல்லியிருந்தாள். அம்மாவின் அந்த ஒரு பேச்சையாவது வாசித்துவிடவேண்டும் என்றுதான் இத்தனை வருடமும் தேடினார்.

போன மாதம், 1938 வைகாசித் தாள் ஒன்றில், அது கிடைத்தது. என்னை வேலிக்கு மேலால் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். இரத்தசுத்தி மருந்தின் விளம்பரம். "கொட்டாஞ்சேனை மதலேனாள் எழுதுவது: நாலு படி ஏறினால் மூச்சு முட்டி உட்கார்ந்துவிடும் நான், இம்மருந்தை உண்டபின் கோயிற்படிகளை ஓடி ஏறுகிறேன்."

"அம்மா கோயில் படியில குந்தியிருந்தது எனக்கு ஞாபகம்," என்றார் அன்ரி. அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு விளங்கவில்லை.

அன்ரி தாள்களில் அம்மாவின் பெயரை மட்டுமே தேடுவார்; அந்த வசனத்தை நான் அவருடைய மற்றத் தாள்களில் வேறு பெயர்களோடு முன்பும் வாசித்திருந்தேன். சொல்லலாமா என்று யோசித்து, சொல்லிவிட்டேன். அன்ரி அலுமாரியைத் திறந்தார். நீர்கொழும்புக் கத்தரீனாள், மன்னார் அந்தோனியாள், முகத்துவாரத்துச் சூசானாள் எல்லோரும் அதே சொற்களோடு கோயிற்படி ஓடி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

துறைமுக வேலை முடிந்து வந்த அவருடைய அண்ணன் ஒஸ்வால்ட் எட்டிப் பார்த்தார்.

"அம்மாவுக்கு எழுதவே தெரியாது, ஐறீன். கொம்பனிக்காரன் ஒரு போத்தில் சும்மா குடுத்தான். பேர் கேட்டான். அம்மா சொன்னவ. அவ்வளவுதான்."

"குடிச்சுச் சுகம் வந்ததோ?"

"ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்தவ."

"அப்ப உண்மைதானே!"

"உனக்குப் பைத்தியம்," என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

அன்ரி தாள்களைத் திகதிப்படி நிலத்தில் பரப்பினார். சூசானாள் எல்லோருக்கும் முந்தி, மதலேனாளுக்கு ஒரு வருடம் முன்பே, படி ஓடி ஏறியிருந்தார். அவருடைய தாளை அன்ரி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் பொய்தானே அன்ரி, இனி மற்றத் தாளுகளை வெட்டலாமே?" என்று கேட்டேன்.

"முதல்ல ஆரோ ஒரு பொம்பிளை இதைச் சொல்லியிருக்கவேணும். மூச்சு முட்டாதவளுக்கு இப்பிடிச் சொல்ல வராது. கொம்பனிக்காரன் எங்கட வாசலுக்கு எத்தின தரம் வந்தானோ!"

அந்த முதல் பொம்பிளை மதலேனாளாகவும் இருக்கலாம் என்று ஒரு கணம் எனக்கும் பட்டது. அடுத்த கணம் இல்லை என்று பட்டது.

சனிக்கிழமை அவரோடு வெள்ளவத்தைக்குப் போனேன்.

"தேடினது கிடைச்சதெண்டு கேள்விப்பட்டன். இனிக் கடப்பக்கம் வரமாட்டீங்க எண்டு நெனச்சன்," என்றார் அலவி.

"சூசானாளுக்கு முந்தினது வேணும் நானா," என்றார் அன்ரி.

அலவி என்னைப் பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து ஒரு கட்டுப் பழைய தாள் எடுத்துத் தந்தார்; நான் அதைத் தூக்கிக்கொண்டேன். பஸ் வரும்வரைகூடப் பொறுக்காமல், அன்ரி தெருவோரத்திலேயே கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.