ரேவின் கொடுத்த விரல்

சவுத்லாந்து வட்டாரத்தில் ஆயிரம் பசு கறக்கும் பண்ணையில் ரேவினுக்குக் கன்று வளர்ப்பு வேலை. பிறந்த மறுநாளே கன்றைத் தாயிடமிருந்து பிரித்து அவள் கொட்டகையில் விட்டுவிடுவார்கள். மடியைத் தவிர வேறொன்றும் அறியாத கன்று வாளியில் வாய் வைக்குமா? இரண்டு விரலைப் பாலில் நனைத்து அதன் வாயில் கொடுப்பாள். அது சப்பச் சப்ப, கையை மெல்ல வாளிக்குள் இறக்குவாள். எப்பேர்ப்பட்ட முரட்டுக் கன்றும் அவளிடம் குடித்துவிடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வேலிக்கு அப்பால் தாய்ப்பசுக்கள் தொண்டை கட்டும்வரை கத்தும். அதை யார் கேட்டார்கள்?

பெண் கன்றுகள் தங்கும். ஆண் கன்று பால் தராது. நாலைந்து நாளில் வெட்டுக்கு லாரி ஏறிவிடும்.

அன்று நல்ல மழை. லாரியின் சரிவுப் பலகையில் ஒரு கன்றும் கால் வைக்கவில்லை. அடிப்பதும் இழுப்பதும் குற்றம். கொல்வது குற்றமில்லை. லாரிக்காரன் மர்டோ நனைந்தபடி கையைப் பிசைந்தான்.

"உன் புள்ளைங்கதானே ரேவ், நீயே சொல்லேன்."

"சொன்னா கேக்கற வயசா அதுங்களுக்கு? தள்ளு அந்தப் பக்கம்."

யோசிக்காமல்தான் செய்தாள். முன்னால் நின்ற கன்றின் வாயில் விரலைக் கொடுத்தாள். அது வாலை ஆட்டிச் சப்பிக்கொண்டே சரிவில் ஏறி உள்ளே போயிற்று. பால்தான் வருகிறதென்று மற்றவையும் முட்டி மோதிக்கொண்டு பின்னாலேயே ஏறின. விரலை உருவிக்கொண்டு இறங்கினாள். அந்தக் கன்று கம்பி இடுக்கில் மூக்கை நீட்டி வெறும் காற்றைச் சப்பியது.

"உன்னை அம்மான்னே நெனச்சிடுச்சு போ," என்றான் மர்டோ.

"அம்மாவா இருந்தா ஏத்திவிட்டிருப்பேனா?"

வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தாள். இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்கிறோமே, அதைத்தான் செய்திருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி லாரி வரும் நாளில் அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தாள். கணவனிடம்கூட விஷயத்தைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கொட்டகையில் நிற்கும்போது மர்டோ போன் செய்தான்.

"நாளைக்கு வரேன். நீ இருப்பே இல்ல? நீ இல்லேன்னா பாவம், அதுங்க பயந்து வழுக்கி விழும்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"இருக்கேன்," என்றாள்.

அவள் குரல் கேட்டதும், புதிதாய் வந்த ஆண் கன்றுகள் கம்பியோரம் ஓடிவந்து நின்றன. அவளால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.