இறங்கினாலும் அபாயம்

வெள்ளைப் பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார். விரல் நுனியால் தொட்டால் ரேகை விழுந்துவிடும். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓடையின் நீர்மட்டம் காட்டப்போகும் ஆளுயர இரும்புத் தகட்டில் கறுப்புக் கோடுகளை இழுக்கத் தொடங்குகிறார். அச்சுத் தகடு வைத்து அடிக்கச் சொன்னால் கேட்கமாட்டார். "ஓரம் கசியும். கசிஞ்சா அரை அங்குலம் பொய்."

சாலைத் துறைப் பட்டறையில் அவருக்கு 'அங்குலம்' என்றே பெயர். முப்பது வருடங்களாக மலையோடைப் பாலத்தைக் காவல் காப்பவர். மதகுகளில் அடைக்கும் கிளைகளை இழுத்துப்போடுவார், மழை நாட்களில் மணிக்கொரு தரம் நீர்மட்டம் பார்த்துத் தொலைபேசியில் சொல்வார். "டீ டம்ளருக்கே கோடு போட்டுக் குடிக்கிற மனுஷன். கட்டிக்கிட்டு நான் படற பாடு!" என்பார் அவர் மனைவி.

நான்கு வருடங்களுக்கு முன்பு இரண்டு நாள் விடாமல் தூறி, மலை மண் குடித்துக் குடித்து ஊறிப்போயிருந்தது. மூன்றாம் நாள் மதியம் கொட்டித் தீர்த்தது. ஓடை ஏறியதும் கீழ்வரிசை வீட்டுக்காரர்களையெல்லாம் பள்ளிக்கூட மேட்டுக்கு விரட்டினார் அங்குலம். அதுவரை எல்லாம் சரி. மழை வலுத்துக்கொண்டே இருந்தபோது, பத்தே நிமிடத்தில் ஓடை ஒன்றரை அடி இறங்கியது. மேட்டில் இருந்த அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டார்: "தண்ணி வடிஞ்சிடுச்சுண்ணே. இனி பயமில்ல."

அண்ணன் தையற்காரர். மெஷினை மேசைமேல் தூக்கிவைத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழ்வரிசையிலிருந்த தன் வீட்டுக்கு இறங்கினார்.

மேலே மலைச்சரிவு பெயர்ந்து, மரங்களோடு ஓடையில் விழுந்து அணைபோல் அடைத்திருந்தது. அது இருபது நிமிடம் தாங்கியது. உடைந்ததும், வண்டியளவு பாறைகள் முன்னால் உருள, சேறும் மரமும் குழைத்த கான்கிரீட் போலப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தன. கீழ்வரிசையை அது அண்ணனோடு அள்ளிக்கொண்டு போவதைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தார் அங்குலம்.

விசாரணையில் அவர்மேல் தவறில்லை என்றார்கள். விதிப்படி மட்டம் ஏறினால்தான் அபாயம். "மழை நிக்காம தண்ணி மட்டும் எப்படிக் குறையும்? சின்னப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் கேக்கல" என்கிறார், தூரிகையைத் துடைத்தபடி.

இம்மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் புது அளவுப் பலகை ஒன்றை எழுதிவிட வேண்டும் என்று பிடிவாதம். எண்களுக்குக் கீழே சிவப்பில் ஒரு வாசகமும் சேர்த்திருக்கிறார்: 'மழையில் தண்ணீர் திடீரென இறங்கினால், மேட்டுக்கு ஓடு.'

பொறியாளர் தலையைச் சொறிந்தார். "ஏறினா ஓடுன்னு எழுதுவாங்க. இறங்கினா ஓடுன்னா சிரிப்பாங்கய்யா."

"சிரிச்சுக்கிட்டே ஓடட்டும் சார்."

அந்த வாசகத்தை நம்பிப் பாலத்து அபாயச் சங்கை ஊத இனி ஒருவர் வேண்டும். பாலத்துக் காவல் வேலைக்கு எழுதிப் போட்டு வாங்கியிருப்பவர் அவருடைய அண்ணி. அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு இவரிடம் ஒரு வார்த்தை பேசாதவர். பலகையை வாங்கிக்கொள்ள அவர் வரவேண்டிய நாள் இன்று; காலையிலிருந்து இவர் மூன்று முறை வாசலை எட்டிப் பார்த்துவிட்டார். "யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்கன்னு சொல்லிடுவாங்களோ?"

அண்ணியே வந்தார். பலகையின் முன் நின்று எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தார். பிறகு, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"இறங்கினப்புறம் எவ்வளவு நேரம் இருக்கும்?"

"அன்னிக்கு இருபது நிமிஷம். அடுத்த தடவை..." அங்குலம் பலகையின் கோடுகளைப் பார்த்தார். "தெரியாது அண்ணி. அதுக்கு என்கிட்ட அளவு இல்ல."

அண்ணி தலையசைத்துக்கொண்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். இவர் பலகையைத் தூக்கி நீட்டினார். கடைசி எழுத்து இன்னும் ஈரம். அது படாமல் ஓரங்களில் கைகொடுத்துப் பிடித்தார் அண்ணி. இவர் கை மட்டும் அதை விடவில்லை.

"விடுங்க தம்பி," என்றார். "நான் பிடிச்சிட்டேன்."

அங்குலம் ஒவ்வொரு விரலாக எடுத்தார்.