ப்ரின் வேண்டாமென்ற பதினோரு நாள்

டுலூத் நகரத்து ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் தொடைக்கு மசாஜ் செய்தே பத்தொன்பது வருஷம் வயிறு வளர்த்தவள் யூனிஸ் ஹால்வர்சன். அந்த இரும்புக் கையோடு குழந்தைகளின் புற்றுநோய் வார்டுக்கு வந்தவளுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது, அழுத்தாமல் இருக்கத்தான். அங்கே பிள்ளைகளுக்கு லேசாக அழுத்தினாலே உடம்பு கன்றிப்போகும். வலி தணிய, வலிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கையை வெறுமனே வைத்திருக்க வேண்டும். வைப்பதற்கு முன் பிள்ளையைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிட வேண்டும். ஊசிக்கும் குழாய்க்கும் யார் கேட்கிறார்கள்? அந்த வார்டில் ஒரு பிள்ளை விரட்டக்கூடிய ஒரே பெரிய மனுஷி யூனிஸ்தான்.

எட்டு வயது ப்ரின் அந்த உரிமையை விடுவதாக இல்லை. எலும்புவரை பரவிய நோய். வலி மருந்துக்கு முழுசாக அடங்கவில்லை.

"தொடலாமா கண்ணு?"

"வேண்டாம். உன் கை கரடி கை மாதிரி இருக்கு."

"அப்ப நாளைக்கு வரட்டுமா?"

"வா. நாளைக்கும் வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

பதினோரு நாள் இப்படியே போயிற்று. விரட்டும்போது அந்த வெளுத்த முகத்தில் ஒரு மிடுக்கு வரும். யூனிஸுக்கு அதைப் பார்க்கப் பிடித்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் ப்ரின் மருந்து மயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா ட்ரேசி பொங்கிவிட்டாள். "கேட்டுட்டுக் கேட்டுட்டுத் திரும்பிப் போறதுக்கா இங்க வர்ற? என் புள்ள துடிக்கிறா யூனிஸ். இப்பவாவது கைய வையேன். உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்."

யூனிஸ் வைத்தாள். பெற்றவள் அப்படி அழும்போது விதியாவது ஒன்றாவது. இரண்டு பாதங்களையும் உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது, மூச்சு சீரானது. ட்ரேசி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பலித்துவிட்டதுதான் கொடுமை.

ப்ரின் கண்ணைத் திறந்தாள். தன் பாதங்களையும் அந்தக் கைகளையும் பார்த்தாள்.

"நீ கேக்கல," என்றாள்.

"தப்புதான் கண்ணு. மன்னிச்சிடு."

ப்ரின் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை யூனிஸ் வாசலிலேயே நின்றாள். "தொடலாமா?" என்று கேட்டாள். திட்டட்டும், வெளியே போ என்று கத்தட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

ப்ரின், ஊசி போட வரும் நர்ஸிடம் நீட்டுவதுபோலக் கையை நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.